சம்பளம் இல்லாத இருபது நிமிஷம்: ஷோகேஸ் மேடைக்குப் போகலாமா?

எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.

மதுரையில இருந்து பேசுறேன். நடுவுல பஸ் ஹார்ன் கேட்டா கண்டுக்காதீங்க, பைபாஸ் ரோட்டு வீடு இது. அதை எடிட்ல எடுக்குறதுக்குள்ள விடிஞ்சுரும்.

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். "காசு கிடையாது, போக்குவரத்து உங்க செலவு, தங்குறது உங்க செலவு, ஆனா மேடை தர்றோம்"னு ஒருத்தர் கூப்பிட்டா, ஒரு புது பேண்ட் போகணுமா, வேண்டாமா?

நம்ம ஊர்ல இப்படிக் கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க. "ஓசிக் கச்சேரிக்கு எதுக்குய்யா மும்பை வரைக்கும் போற, இங்கயே வாசிச்சுட்டுப் போ." இதுல நியாயம் இருக்கு. ஆனா கூப்பிடுற இடம் கச்சேரி இல்ல, ஷோகேஸ். இது ரெண்டும் வேறன்னு புரியாமப் போறவங்கதான் நொந்து திரும்புறாங்க. அதனால முதல்ல அந்த வார்த்தையைப் பிரிச்சுப் பாத்துரலாம்.

மியூசிக் கான்ஃபரன்ஸ்னு ஒண்ணு நடக்கும். "இசை மாநாடு"ன்னு தமிழ்ல சொன்னா கட்-அவுட், பந்தல், பிரியாணிப் பொட்டலம்னு கட்சி மாநாடு ஞாபகம் வருது. அது வேற. ஒரு ஹோட்டல், ரெண்டு மூணு நாள். பகல்ல துறை ஆட்கள் மேடையில உக்காந்து பேசுவாங்க: ராயல்டி, ஸ்ட்ரீமிங், டூர் போறது எப்படி, இப்போ ஏஐ. சாயங்காலம் புது ஆட்கள் வாசிப்பாங்க, ஆளுக்கு இருபது நிமிஷம், நாற்பது நிமிஷம்னு. அந்தச் சின்ன நேரத்துக்குப் பேர்தான் ஷோகேஸ். கேக்குறவங்க ரசிகர்கள் கிடையாது. ஃபெஸ்டிவல் நடத்துறவங்க, அவங்களுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்குற புக்கிங் ஏஜென்டுகள், லேபிள் ஆட்கள், ஸ்ட்ரீமிங் கம்பெனிக்காரங்க, பத்திரிகையாளர்கள்.

கீழமாசி வீதி அரிசி மண்டிக்குப் போயிருக்கீங்களா? மூட்டையில குத்தூசியைக் குத்தி ஒரு பிடி அரிசியை வெளிய எடுப்பாங்க. வியாபாரி உள்ளங்கையில வச்சுப் பார்ப்பார், ரெண்டு மணியை வாயில போட்டுக் கடிப்பார். அந்த ஒரு பிடிக்கு யாரும் காசு கேக்குறதில்ல. லோடுக்குத்தான் விலை. ஷோகேஸ்ங்கறது அந்த ஒரு பிடி.

இதை நான் சும்மா உவமைக்குச் சொல்லல. அமெரிக்காவுல விசாவே இந்தக் கணக்குலதான் ஓடுது. வெளிநாட்டு பேண்ட் அங்க போய் காசு வாங்கிக் கச்சேரி பண்ணணும்னா அதுக்குத் தனி வேலை விசா வேணும். சம்பளம் இல்லாம, தொழில் வாய்ப்பு தேடி ஷோகேஸ்ல மட்டும் வாசிக்கிறவங்க பிசினஸ் விசாவுல போயிட்டு வர்ற வழக்கம் ரொம்ப நாளா இருக்கு. சாம்பிள் காட்ட வர்ற வியாபாரி மாதிரிதான் கணக்கு. கோடு எங்க இருக்குங்கறதுல அதிகாரிக்கும் பேண்டுக்கும் அடிக்கடி தகராறு. 2017-ல சோவியத் சோவியத்னு ஒரு இத்தாலி பேண்ட் இந்தத் தகராறுல சியாட்டில்ல இறங்கின கையோட திருப்பி அனுப்பப்பட்டாங்க.

சம்பள விஷயத்துலயும் சண்டை நடந்திருக்கு. அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல 1987-ல இருந்து நடக்குற சவுத் பை சவுத்வெஸ்ட்தான் இந்த மாதிரி நிகழ்ச்சிகள்ல ரொம்பப் பிரபலம். அங்க உள்ளூர் பேண்டுக்கு வருஷக்கணக்கா 250 டாலர், இல்லன்னா எல்லா நிகழ்ச்சிக்கும் போக ஒரு கைப்பட்டை. எது வேணும்னு கேப்பாங்க. இசைக்கலைஞர்கள் சங்கம் வச்சுக் கேள்வி கேட்ட பிறகுதான் 2024-ல அது 350 ஆச்சு. நாலு பேர் பேண்டுக்கு 350 டாலர்னா டீசல் செலவுக்கே பத்தாது. வெளிநாட்டு பேண்டுக்கு அதுவும் கிடையாது, கைப்பட்டை மட்டும்தான். உலக இசைக்குன்னு ஐரோப்பாவுல 1994-ல ஆரம்பிச்ச வோமெக்ஸ் இருக்கு. அங்க ஷோகேஸ் பண்ண யாரைக் கூப்பிடணும்னு ஏழு பேர் நடுவர் குழு முடிவு பண்ணும், பேர் "செவன் சாமுராய்". குரோசாவா ரசிகர் எவரோ பேர் வச்சிருக்கார்.

சரி, உள்ள நடக்குறது எப்படி இருக்கும்? ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல லீவு போட்டுட்டு மும்பையில நடந்த ஒரு மாநாட்டுக்குப் போனேன். பேர் வேண்டாம். வாசிக்கிறதுக்கு இல்ல, எனக்கு விசில்கூட ஒழுங்கா வராது. பாட்காஸ்ட்காரனாப் போனேன்.

காலேஜ் கேம்பஸ் பிளேஸ்மென்ட் ஞாபகம் வந்துச்சு. கழுத்துல அட்டை. எதிர்ல வர்றவங்க முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி அட்டையைப் பாக்குறாங்க. "ஆர்டிஸ்ட்"னு போட்டிருந்தா சிரிச்சுட்டு நகர்ந்துருவாங்க, "ஃபெஸ்டிவல்"னு போட்டிருந்தா சுத்தி நாலு பேர் நிப்பாங்க. ஒரு ஹால்ல வரிசையா மேசை. ஒவ்வொரு மேசைக்கும் அஞ்சு நிமிஷம், மணி அடிச்சா எழுந்து அடுத்த மேசை. மாப்பிள்ளை பாக்குற விசேஷத்தை ஃபேக்டரி மாதிரி நடத்துனா எப்படி இருக்கும், அப்படி.

ராத்திரி ஷோகேஸ் ஹால்ல நான் ஒரு வேலை பண்ணேன். மேடையைப் பாக்காம கதவைப் பாத்துட்டு நின்னேன். கதவு பக்கத்துலதான் புக்கிங் ஆட்கள் நிக்கிறாங்க. ஒரே நேரத்துல ரெண்டு மூணு இடத்துல ஷோகேஸ் ஓடும், எல்லாத்தையும் பாக்கணும்னா ஓரமா நின்னாதான் முடியும். பெரும்பாலானவங்க ரெண்டாவது பாட்டு முடியிறதுக்குள்ள கிளம்பிட்டாங்க. ஒரு பேண்ட் முதல் நாலு நிமிஷம் மெதுவா ஆலாபனை மாதிரி ஆரம்பிச்சு, மூணாவது பாட்டுல பின்னி எடுத்தாங்க. நான் அசந்துட்டேன். ஆனா அந்த நேரம் கதவு பக்கம் நின்னுட்டு இருந்தது நானும், காபி கப் எடுக்க வந்த பையனும்தான்.

இது அநியாயமாத் தெரியலாம். எனக்கும் தெரிஞ்சுது. ஒரு ராகத்தை, ஒரு தாலாட்டைத் தொண்ணூறு செகண்ட்ல எடை போட முடியுமா? முடியாது. ஆனா அந்த ஹாலுக்கு வர்றவங்க அதுக்காக வரல. "நம்ம விழாவுல சாயங்காலம் ஆறு மணிக்கு இவங்களை நிறுத்தினா கூட்டம் நிக்குமா"ங்கற ஒரே கேள்வியோட வர்றாங்க. அதுக்குத் தொண்ணூறு செகண்ட் போதும்னு அவங்க நினைக்கிறாங்க.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச ஐட்டம்னு நினைச்சுராதீங்க. தமிழ்நாட்டுலயே இந்த மாதிரி நடந்திருக்கு. சென்னை எர்த்சிங்க் நிறுவனம் 2012-ல இண்டிஎர்த் எக்ஸ்சேஞ்ச்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. ஜெமினி மேம்பாலம் பக்கத்துல இருக்குற பார்க் ஹோட்டல்ல, பகல்ல பேச்சு, ராத்திரி ஷோகேஸ், நடுவுல ஆவணப்படங்கள். சினிமாவுக்கு வெளிய இருக்குற இசைக்காரங்களும் வெளிநாட்டு விழாக்காரங்களும் ஒரே கூரைக்குக் கீழ. அதை ஆரம்பிச்ச வருஷம் நான் ஸ்கூல் படிச்சுட்டு இருந்தேன், சுயேச்சை இசைன்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது. சில வருஷம் நடந்துச்சு, அப்புறம் இல்ல.

இன்னும் பின்னாடி போனா டிசம்பர் சீசன் இருக்கு. நம்மள்ல பலபேர் அதைக் கச்சேரி, கேன்டீன், பட்டுப்புடவைன்னு நினைச்சுட்டு இருக்கோம். அது பிறந்ததே ஒரு மாநாட்டுல. 1927 டிசம்பர்ல சென்னையில காங்கிரஸ் மகாசபை கூடுச்சு, அதோட சேர்த்து ஒரு அகில இந்திய இசை மாநாடு வச்சாங்க. அங்க போட்ட தீர்மானத்துல இருந்துதான் 1928-ல மியூசிக் அகாடமி. இன்னைக்கும் அதிகாரபூர்வமா அது "வருடாந்திர மாநாடு". காலையில 8 மணிக்கு ஆராய்ச்சிப் பேச்சு, செயல் விளக்கம். அந்த வருஷம் சங்கீத கலாநிதி ஆகப்போறவர்தான் அதுக்குத் தலைவர். நம்ம மதுரையில பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1968-ல அந்த நாற்காலியில உக்காந்தாங்க, முதல் பெண்.

அகாடமியில கச்சேரி நேரத்தைக் கவனிங்க. மத்தியானம் ஜூனியர், நாலு மணிக்கு அடுத்த படி, ராத்திரி பெரியவங்க. மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. ஒரு தடவை வைகையில ஏறிப் போய், மறுநாள் அந்த மத்தியான ஸ்லாட்ல உக்காந்தேன். ஹால் காலியாத்தான் இருந்துச்சு. ஆனா மூணாவது வரிசையில ஒருத்தர் நோட்டு வச்சு எழுதிட்டு இருந்தார், அங்கங்க நாலஞ்சு பேர் அதே மாதிரி. சபா செயலாளர்கள், விமர்சகர்கள், டிசம்பர்ல லீவு போட்டு வர்ற வெளிநாட்டுத் தமிழ் அமைப்பாளர்கள் எல்லாரும் இந்தச் சீசன்லதான் அடுத்த வருஷத்துக்கு ஆள் பாக்குறாங்க. பாடுற பொண்ணுக்குக் கிடைக்கிற சன்மானம் பக்கவாத்தியக்காரருக்கும் ஆட்டோவுக்கும் பத்துமாங்கறதே சந்தேகம். அந்தப் பொண்ணு பாடுறது காலி நாற்காலிக்கு இல்ல, அந்த நோட்டுக்கு. வேற பேர்ல அதுவும் ஷோகேஸ்தான்.

அந்த நோட்டுல யார் பேர் ஏறும், யார் பேர் ஏறாதுன்னு கேட்டா அது பெரிய கதை. பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பர்ல "மார்கழியில் மக்களிசை" ஆரம்பிச்சது அந்தக் கேள்வியில இருந்துதான். பறை, ஒப்பாரி, கானாவுக்கும் அதே மாசத்துல மேடை. 2021-ல மதுரை, கோவை, சென்னைன்னு மூணு ஊர்ல நடத்துனாங்க. மதுரை நாள்ல நான் கூட்டத்துல நின்னேன். கலைஞர்கள்ல பலபேருக்கு லைட், நல்ல சவுண்டு, நாலு கேமரான்னு மேடையைப் பாக்குறதே புதுசுன்னு அவங்க நிக்கிறதுலயே தெரிஞ்சுது. ஆனா வாசிப்புல ஒரு பயம் இல்ல. முப்பது வருஷமா திருவிழாவுல விடிய விடிய வாசிச்ச கை.

எனக்குப் பிடிச்ச உதாரணம் இதுக்கப்புறம்தான் வருது. மதுரையில ஒரு மியூசிக் மார்க்கெட் நூறு வருஷமா ஓடிட்டு இருக்கு. ஸ்பெஷல் நாடகம்.

வள்ளி திருமணம் போஸ்டர் பாத்திருப்பீங்க. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், டான்ஸ் ஒரு ஊர். ஹார்மோனியம் பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்ட் எல்லாருக்கும் தனித்தனி போட்டோ, தனித்தனி பட்டம். இது ஒரு கம்பெனி கிடையாது. ஒவ்வொருத்தரையும் ஊர்க்காரங்க தனித்தனியா புக் பண்றாங்க. ரிகர்சல் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னாடிதான் சந்திக்கிறாங்க, விடியிற வரைக்கும் நாடகம் நடக்குது. எப்படி? ஏன்னா 1922-ல காலமான சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்ச நாடகங்கள், பாட்டுகள் எல்லாருக்கும் மனப்பாடம். யார் எந்த இடத்துல நுழையணும், யார் எந்தப் பாட்டை எடுக்கணும்ங்கறது முடிவான விஷயம். எங்க வேலையில சொல்லணும்னா இன்டர்ஃபேஸ் ஸ்டாண்டர்டு ஆயிருச்சு, யாரை வேணாலும் பிளக் பண்ணலாம். மதுரையில இருக்குற நாடக நடிகர் சங்கம், நாடக ஏஜென்ட், நோட்டீஸ் அடிக்கிற பிரஸ், தேதி எழுதுற டைரி, வெத்தலைப் பாக்குல வச்சுக் கொடுக்குற அட்வான்ஸ், இதெல்லாம்தான் அந்த மார்க்கெட்டோட உறுப்புகள்.

இங்க ஷோகேஸ் எங்க நடக்குது? பக்கத்து ஊர்த் திருவிழாவுல. எங்க ஊர்ல இந்த வருஷம் நாடகம்னா, பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர் துண்டு போட்டுட்டு முன்னாடி வந்து உக்காந்திருப்பார். பபூன் நல்லா பண்ணா விடியக்காலம் டீக்கடையிலயே அடுத்த தேதி பேசிருவாங்க. அதாவது சம்பளம் வாங்கின கச்சேரியே அடுத்த கச்சேரிக்குச் சாம்பிள். மும்பை ஹோட்டல்ல இருக்குற மார்க்கெட்டைவிட இது கலைஞனுக்கு நல்ல டீல்னு நான் நினைக்கிறேன். ஒரு குறைதான்: இந்த மார்க்கெட்டுக்கு எல்லை இருக்கு. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், திண்டுக்கல், மிஞ்சிப்போனா இன்னும் ரெண்டு மாவட்டம். ரேட்டுக்கும் ஒரு உச்சி இருக்கு, அதுக்கு மேல ஏறாது.

இப்போ ஒரு நிஜக் கணக்கு. மேலூர் பக்கத்துல இருந்து நம்ம நேயர் ஒருத்தர், நாதஸ்வரம் வாசிக்கிற தம்பி, வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அஞ்சு பேர் பேண்ட். உறுமி, தவில், நாதஸ்வரம், கீபோர்டு, பாட்டு. பாதி நையாண்டி மேளம், பாதி ராக். கீபோர்டுக்காரர் கப்பலூர்ல ஒரு கம்பெனியில ஷிஃப்ட் பாக்குறார், பாடுறவங்க பி.எட். படிக்கிறாங்க. ஆகஸ்ட்ல மும்பையில ஒரு ஷோகேஸுக்குத் தேர்வாயிருக்காங்க. "அண்ணே, போகலாமா? வீட்ல சண்டை நடக்குது"ன்னு கேட்டார்.

அவர் போட்ட கணக்கு இது. அஞ்சு பேருக்கு ட்ரெயின், மூணு ராத்திரி லாட்ஜ், சாப்பாடு, வாத்தியம் ஏத்தி இறக்க ஆட்டோ, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். அதோட முடியல. ஆகஸ்ட்னா ஆடி மாசம். உறுமி, தவில், நாதஸ்வரம் மூணு பேருக்கும் அதுதான் சம்பாதிக்கிற காலம். ரெண்டு ஊர்த் திருவிழாவுக்கு ஏற்கனவே வெத்தலைப் பாக்கு வாங்கியாச்சு, சேர்த்து 45,000. ஆக இருபது நிமிஷ ஷோகேஸோட உண்மையான விலை 83,000 ரூபாய். அக்காவோட சீட்டுப் பணத்தை எடுக்குறதாப் பேச்சு.

காசைவிடப் பெரிய பிரச்சினை ஒண்ணு இருக்குன்னு அவங்க அப்பா சொல்லியிருக்கார். அவரும் நாதஸ்வரம்தான். இருபது வருஷமா அந்த ரெண்டு ஊருக்கும் இவங்க குடும்பம்தான் வாசிக்குது. இந்த வருஷம் வேற செட் போய் வாசிச்சா, அடுத்த வருஷம் கமிட்டி யாரைக் கூப்பிடும்? "கை மாறுன ஊரு திரும்பாது தம்பி"ன்னாராம். எந்த மாநாட்டுப் பேச்சாளரும் இந்தப் பாயிண்டைத் தொட்டு நான் கேட்டதில்ல.

நான் அவருக்கு ஒண்ணு சொன்னேன். முடிவு பண்றதுக்கு முன்னாடி அமைப்பாளருக்கு ஒரு மெயில் போடுங்க. "இந்த வருஷம் யார் யார் டெலிகேட்டா வர்றாங்க? அதுல நாட்டுப்புற இசை, உலக இசை விழா நடத்துறவங்க எத்தனை பேர்? நாங்க வாசிக்கிற நேரத்துல பக்கத்து ஹால்ல என்ன நடக்குது?" இதைக் கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு பயந்தார். கோவிச்சுக்கிட்டா அது போகக்கூடாத இடம். மண்டியில சாம்பிள் காட்டப் போறோம், வியாபாரி வருவாரான்னு கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல. வர்றவங்க எல்லாம் பாலிவுட் லேபிளும் ஆப் கம்பெனியுமா இருந்தா நையாண்டி மேளத்துக்கு அங்க வேலை இல்ல. எவ்வளவு பிரமாதமா வாசிச்சாலும் சரி.

பதில் வந்துச்சு. டெலிகேட் பட்டியல் அனுப்பினாங்க. நாட்டார் இசைக்குன்னு விழா நடத்துறவங்க ரெண்டு பேர், பெரிய விழாவுக்கு ஆள் எடுக்குறவங்க மூணு பேர். அதுக்கப்புறம் வீட்ல மறுபடி உக்காந்து பேசியிருக்காங்க. அப்பா ஒரு வழி சொன்னார்: ரெண்டு திருவிழாவுக்கும் மகனுக்குப் பதிலா தானே நாதஸ்வரம் எடுத்துட்டுப் போறேன், தவிலுக்கும் உறுமிக்கும் ஏஜென்ட்கிட்ட ஆள் சொல்லிக்கலாம்னு. ஊர்க்காரங்களுக்கு அதே குடும்பம், அதே ஆள்தான் மேடையில. 45,000-ல ஆள் கூலி போக மிச்சம் அவங்க கைக்கு வரும். சீட்டுப் பணத்தைத் தொட வேண்டியதில்ல. வயசு அறுபதைத் தாண்டின மனுஷன், முட்டிவலியோட ரெண்டு ராத்திரி நின்னு வாசிக்கப் போறார். இந்த டீல்ல யாரோட செலவு எங்கயும் எழுதப்படலைன்னு கேட்டா, அவரோடதுதான்.

சரி, போறதுன்னு முடிவாச்சு. கையில என்ன கொண்டு போகணும்? இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க.

பிடிச்சிருக்குன்னு ஒருத்தர் வந்து கை கொடுத்தா அடுத்த கேள்வி "லிங்க் அனுப்புங்க"தான். அந்த லிங்க்ல ஸ்டூடியோவுல மினுக்கின பாட்டைவிட, ஒரே டேக்ல எடுத்த லைவ் வீடியோ மூணு இருந்தா போதும். மேடையில இவங்களால இதைப் பண்ண முடியும்னு காட்டணும், அவ்வளவுதான்.

அடுத்தது உரிமை. 2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. பாட்டு எழுதினவர், இசையமைச்சவர், இவங்களோட ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிட முடியாதுன்னு அதுல இருக்கு. ஆனா சட்டத்துல இருக்குறது தானா பேங்க் அக்கவுண்டுக்கு வராது. எழுதினவரும் இசையமைச்சவரும் ஐபிஆர்எஸ்ல உறுப்பினரா இருக்கணும், பாட்டைப் பதிவு பண்ணியிருக்கணும். ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் ஐஎஸ்ஆர்சின்னு பன்னிரண்டு எழுத்து எண் இருக்கும். பாட்டுக்கு ஆதார் நம்பர்னு வச்சுக்கோங்க. அது தப்பா இருந்தா காசு எங்கயோ சுத்திட்டு இருக்கும். எங்க ஆபீஸ் பாஷையில பிரைமரி கீ இல்லாத டேபிள். புகழ் வந்தா காசும் வந்துரும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரே ஒரு உதாரணம்: எஞ்சாய் எஞ்சாமி 2021 மார்ச்ல வந்துச்சு, கேக்காத ஆள் கிடையாது. மூணு வருஷம் கழிச்சு, அந்தப் பாட்டுல இருந்து எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரலைன்னு சந்தோஷ் நாராயணன் வெளிப்படையா சொன்னார்.

நம்ம மேலூர் பேண்டுக்கு இதுல ஒரு தனிச் சிக்கல். அவங்களோட நல்ல பாட்டு ஒரு நடவுப் பாட்டு. பாடுறவங்களோட ஆத்தா வயல்ல பாடினது. படிவத்துல "பாடலாசிரியர்"னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடுறது? மரபுப் பாட்டு யாருக்கும் சொந்தமில்ல, ஆத்தாவுக்கும் இல்ல, பேத்திக்கும் இல்ல. ஆனா இவங்க பண்ணின ரெக்கார்டிங் இவங்களோடது, சட்டப்படி 60 வருஷத்துக்கு. மேடையில பாடினதுக்கு நிகழ்த்துக் கலைஞர் உரிமைன்னு ஒண்ணு இருக்கு, அது 50 வருஷம். அதனால நான் சொன்னது: சொற்கள்ங்கற இடத்துல "மரபு"ன்னு போடுங்க, இசைக்கோர்வைக்கு அஞ்சு பேர் பேரையும் பங்கு சதவீதத்தோட எழுதி, அஞ்சு பேரும் கையெழுத்துப் போடுங்க. நண்பர்களா இருக்கும்போதே போட்டுருங்க, ஹிட் ஆன பிறகு இந்தப் பேப்பரை எழுதவே முடியாது. பாடுறவங்க இதுக்கு ஒத்துக்கல. நடுவுல நாலு வரி ஆத்தாவே கட்டினதுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அந்த நாலு வரிக்கு ஆத்தா பேர் வேணும்னாங்க. பேச்சு ரெண்டு நாள் இழுத்துச்சு. கடைசியா அந்தப் பேர் படிவத்துல ஏறிருச்சு.

மூணாவது காகிதம் டெக் ரைடர். மேடையில எங்களுக்கு என்ன வேணும்னு சவுண்டு இன்ஜினியருக்குக் கொடுக்குற ஒரு பக்கத் தாள். ஷோகேஸ்ல பேண்டுக்கும் பேண்டுக்கும் நடுவுல பத்து நிமிஷம்தான் இருக்கும், சவுண்டு செக் கிடையாது, மைக் உயிரோட இருக்கான்னு பாக்க லைன் செக் மட்டும். அந்த இன்ஜினியர் வாழ்க்கையில உறுமி பாத்திருக்க மாட்டார். டிரம்னா ஒரு மைக் போதும்னு மேல நீட்டிட்டுப் போயிருவார். உறுமிக்கு உயிரே தேய்க்கிற பக்கத்துலதான் இருக்கு, வளைஞ்ச குச்சியை இழுக்கும்போது வர்ற அந்த முனகல் சத்தம். அந்தப் பக்கத்துக்குத் தனி மைக் வேணும். தவிலுக்கும் ரெண்டு பக்கமும் ரெண்டு மைக். நாதஸ்வரத்துக்கு மைக்கே வேண்டாம்னு எழுதச் சொன்னேன். கோயில் வீதிக்குன்னு செஞ்ச வாத்தியம் அது. ஹோட்டல் ஹால்ல மைக் வச்சா முன் வரிசையில இருக்குறவங்க காதைப் பொத்திட்டு வெளிய போவாங்க, அந்த முன் வரிசையைத் தாண்டித்தானே கதவு பக்கம் நிக்கிறவங்களுக்கே போகணும்.

கடைசியா ஒரு பாயிண்டை உறுமிக்காரர்தான் கேட்டார், எனக்குத் தோணவே இல்ல. ஆகஸ்ட் மும்பைன்னா மழை. ஈரத்துல தோல் தொய்ஞ்சு போயிரும். நம்ம ஊர்ல வைக்கோலைக் கொளுத்தி ரெண்டு தடவை காட்டினா சரியாயிரும். ஏசி ஹால்ல, தலைக்கு மேல புகை அலாரம் இருக்குற இடத்துல என்ன பண்றது? அதனால ரைடர்ல கடைசி வரி இப்படிப் போகுது: மேடைக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட், ஹேர் டிரையருக்கு. டிரையரை அவங்களே கொண்டு வர்றாங்க, பாடுறவங்களோடது.